பச்சை ஏறாத அடுக்கு

ஆட்டுக் கண்ணை அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கத்திக்குச் சுலபத்தில் இடம் கொடுக்காது. வெள்ளைத் தோல் தடிப்பு, போதாததற்கு வழுக்கும். பிடி தவறினால் மேசையிலிருந்து உருண்டு தரையில் போய் நின்று நம்மையே பார்க்கும். முதல் மாதம் முழுக்க என் ஆராய்ச்சி என்பது தரையில் கண் பொறுக்குவதாகத்தான் இருந்தது.

தொண்ணூறுகளின் முதல் பாதி அது. கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தேன். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா, பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் வீடு. எங்களைப் போல யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களில் பிள்ளைக்கு மருத்துவப் படிப்பு கிடைக்காமல் போனால் அது ஒரு சாவு வீடு மாதிரி. வருகிறவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் விசாரிப்பார்கள். எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் நான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்ததும் அப்பா கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம், "எப்பிடியும் டொக்டர்தானே, பேருக்கு முன்னால போடலாம்" என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு அந்தச் சிரிப்பு எங்கே போனதோ தெரியவில்லை.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விழித்திரை என்பது கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு படலம். எடுத்தால் நனைந்த டிஷ்யூ பேப்பர் மாதிரி கையோடு வரும். அதற்குள் நரம்பு செல்கள் மூன்று வரிசை. முதல் வரிசை வெளிச்சத்தை வாங்கி இரண்டாவதிடம் சொல்லும், இரண்டாவது மூன்றாவதிடம் சொல்லும். அந்தப் பேச்சு நடக்கும் இடங்கள் இரண்டு. முதல் பேச்சு நடப்பதை வெளி அடுக்கு என்போம், அடுத்தது நடப்பதை உள் அடுக்கு என்போம். பேச்சு என்றால் ரசாயனம்தான். செல்லின் நுனியில் மிக நுண்ணிய பைகளில் அது நிரம்பியிருக்கும். பை செல்லின் சுவரோடு கலந்தால் உள்ளே இருப்பது வெளியே கொட்டும். ஆனால் அது தானாகக் கலக்காது. பையின் மேல் ஒரு புரதம், சுவரில் இரண்டு புரதம். மூன்றும் சடை பின்னுவது போல ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு பையைச் சுவரோடு இழுத்து அழுத்தும். கால்சியம் உள்ளே வந்ததும் இன்னொரு புரதம் "இப்போது" என்று உத்தரவு கொடுக்கும். கொட்டும். நாம் பார்ப்பது எல்லாம் இந்தக் கொட்டலின் கணக்குதான்.

மூளையில் இந்தப் புரதங்களை அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். விழித்திரையிலும் அதே ஆட்கள்தானா என்று பார்ப்பது என் தலைப்பு. சுவரில் இருக்கும் இரண்டில் ஒன்றைத் தேடச் சொன்னார் என் மேற்பார்வையாளர். அவர் ஒரு சீனப் பேராசிரியர், கெட்டிக்காரர், வெளிநாட்டில் படித்தவர். அந்தப் புரதத்தை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி ஒரு சின்னக் குப்பியில் அவர் கைப்பையில்தான் மலேசியாவுக்கு வந்தது. அதைப் பல துளிக் குழாய்களாகப் பிரித்து மைனஸ் எழுபது ஃப்ரீசரில் வைத்தோம். விழித்திரையை மெல்லிய சீவலாகச் சீவி, அதன் மேல் இந்த ஆன்டிபாடி, அதற்கு மேல் ஒளிரும் சாயம். புரதம் இருக்கிற இடமெல்லாம் நுண்ணோக்கியில் பச்சையாகத் தெரிய வேண்டும். உள் அடுக்கு ஒரு பச்சைக் கோடு, வெளி அடுக்கு ஒரு பச்சைக் கோடு. இரண்டு கோட்டையும் காட்டினால் பாதி பட்டம் முடிந்தது என்று பேராசிரியர் சொல்லியிருந்தார்.

கண் கொண்டுவருவது ஆய்வுக்கூட உதவியாளரின் வேலை. ஐம்பது வயதைத் தாண்டிய தமிழர். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, மரத்தில் பால் வெட்டி, பிறகு பட்டணத்துக்கு வந்தவர். வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் அங்கே பல காலமாக இருந்தார். மனைவியோடு வளாகத்தின் பின்பக்கம் ஒரு சின்ன குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மிஸ் என்பார். விடிந்ததும் மோட்டார் சைக்கிளில் ஐஸ் பெட்டியோடு பாசார் சந்தைக்குப் போய், இறைச்சிக் கடை பாயிடம் அப்போதுதான் அறுத்த ஆட்டின் கண்களைக் கறுப்புத் துணியில் சுற்றி வாங்கிவருவார். அரை மணி நேரத்துக்குள் என் மேசையில் இருக்கும். பாய் அவரிடம், "உங்க மிஸ் கண்ணு சூப்பு வச்சுக் குடிக்குதா, என்னதான் செய்யுது?" என்று கேட்டாராம். "குடிச்சிருந்தா இந்நேரம் ரிசல்ட் வந்திருக்கும் பாய்" என்று இவர் சொன்னாராம். அதை என்னிடமே வந்து சொல்லிச் சிரித்தார்.

முதன்முதலில் சாயமேற்றிப் பார்த்த நாள் எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. இருட்டறையில் நுண்ணோக்கியைத் திருகத் திருக, உள் அடுக்கு வந்தது. பளிச்சென்ற பச்சை. மேலே நகர்த்தினேன். வெளி அடுக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. இருட்டு.

பேராசிரியர் பார்த்தார். "பேச்சு நடக்கிற இடம் எங்கே இருந்தாலும் அங்கே இந்தப் புரதம் இருந்தாக வேண்டும். உன் கை சரியில்லை, திரும்பச் செய்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். திரும்பச் செய்தேன். இருட்டு. மறுபடி செய்தேன். இருட்டு. ஆடு கிழடோ என்று குட்டி ஆட்டின் கண் கேட்டேன். ஐஸ் போதவில்லையோ என்று பெட்டியை மாற்றச் சொன்னேன். வழியில் வெயில் பட்டிருக்குமோ என்று அண்ணனைச் சந்தேகத்தோடு பார்த்தேன். அவர் துணியை இரண்டு சுற்றுக்குப் பதில் நான்கு சுற்றாகச் சுற்றிக் கொண்டுவந்தார். கண் கெடாமல் இருக்கப் போடும் ஃபார்மலினைக் கூட்டினேன், குறைத்தேன். ஒரு வருஷம் இப்படியே போயிற்று. அதற்கு மேலும் போயிற்று.

அந்தக் காலத்து நாட்களை எப்படி எழுதுவது?  காலையில் பல் துலக்கும்போதே இன்றைக்கும் இருட்டாகத்தான் இருக்கும் என்று தெரிந்துவிடும். ஆனாலும் போவேன். சீவுவேன், கழுவுவேன், ஊறவைப்பேன், மறுநாள் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பேன். பார்த்துவிட்டு, யாராவது கதவைத் தட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்குப் போனால் அப்பா, "எப்ப பிள்ளை முடியும்?" என்பார். "கிட்டத்தட்ட முடிஞ்சுது அப்பா" என்பேன். அவர் அதை அப்படியே கோயிலுக்குக் கொண்டுபோவார். பூச்சோங் மாமா, செந்தூல் மாமி எல்லாரும் என் பட்டமளிப்பு விழாவுக்கு எந்தச் சேலை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நானோ தண்டவாளத்தைக் கடக்கும்போது ரயில் வருகிறதா என்று பார்க்காமல் கடக்கத் தொடங்கியிருந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது கடிதம் வந்தது. அடுத்த மாதம் என் முன்னேற்றத்தை ஒரு குழு ஆராயும். காட்டுவதற்கு ஏதும் இல்லையென்றால் என் பெயரை எடுத்துவிடுவார்கள். அவ்வளவுதான். அப்பாவின் "எப்பிடியும் டொக்டர்" அங்கேயே முடிந்துபோகும்.

அந்த மாதத்தில்தான் ஆயுத பூஜை வந்தது.

லோரி வைத்திருப்பவன் லோரிக்குப் பூசை போடுவான், தையல்காரர் தையல் இயந்திரத்துக்குப் போடுவார். எங்கள் உதவியாளர் ஆய்வுக்கூடத்துக்குப் போடுவார். வருஷா வருஷம் நடப்பதுதான். நுண்ணோக்கிகள், சீவுகிற இயந்திரம், சுழற்றுகிற இயந்திரம், ஃப்ரீசர் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, பொரி கடலை படைப்பார். உள்ளே சட்டென்று தீப்பிடிக்கும் ஈத்தர் இருப்பதால் கற்பூரத்தை வெளியே நடையில்தான் கொளுத்துவார். அந்த அளவுக்கு விவரம் தெரிந்தவர். பேராசிரியர்கூட வந்து ஒரு கை பொரி அள்ளிக்கொண்டு போவார். பூசை நேரத்தில் ஆயுதம் ஓயவேண்டும் என்பது அண்ணனின் வழக்கம். எல்லா இயந்திரத்தையும் அணைத்துவிட்டுத்தான் ஆரத்தி காட்டுவார். எல்லா இயந்திரத்தையும் என்றால் ஃப்ரீசரையும்தான். கால் மணி நேரம். பிறகு சாமி கும்பிட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் போடுவார்.

நான் அன்றைக்குச் சற்றுத் தாமதமாகப் போனேன். அவர் ஃப்ரீசரின் சுவிட்சைப் போடுவதைக் கண்ணால் பார்த்தேன்.

"என்னண்ணே இது, ஃப்ரீசர அணைச்சிங்களா?"

"பூசைக்கு மிஸ். கால் மணி நேரந்தான். கதவத் தொறக்கல. பொரி எடுத்துக்கோங்க."

நான் பொரி எடுக்கவில்லை. மனசுக்குள் ஏதோ ஒன்று துள்ளி எழுந்தது. அதைச் சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு நல்ல வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. ஆன்டிபாடி கெட்டுப்போயிருக்கிறது! அதனால்தான் வெளி அடுக்கு இருட்டு! என் கை இல்லை, இந்த மனுஷனின் பூசை! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தைத் தேடி அலைந்துகொண்டிருந்தவள், கூடமே என் முன்னால் சந்தனப் பொட்டோடு நின்றது.

அந்த ஃப்ரீசரின் முகப்பில் ஒரு வட்டத்தாள் சுழலும். ஒரு பேனா முள் வெப்பநிலையை அதில் கோடாக எழுதிக்கொண்டே இருக்கும். போய்ப் பார்த்தேன். பூசை நேரத்தில் முள் ஒரு நூலளவு ஏறி இறங்கியிருந்தது. மைனஸ் எழுபதில் கதவு மூடிய ஃப்ரீசர் கால் மணி நேரத்தில் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அது எனக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும். ஆன்டிபாடி கெட்டிருந்தால் உள் அடுக்கும் பச்சையாகியிருக்காது. ஒரே சீவலில், ஒரே துளியில், கீழே ஒட்டிய மருந்து மேலே மட்டும் எப்படிக் கெட்டுப்போகும்? முதல் வருஷ மாணவி கேட்டாலே நான் சிரித்துவிட்டுப் பதில் சொல்லியிருப்பேன்.

எல்லாம் தெரிந்துதான் அந்த வட்டத்தாளைக் கழற்றினேன். பெண்கள் கழிப்பறைக்குக் கொண்டுபோய் நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டேன். பிறகு உட்கார்ந்து அறிக்கை எழுதினேன்.

நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். மத நம்பிக்கையை நான் மதிக்கிறேன் என்றுகூட ஒரு வரி போட்டேன். உதவியாளர் ஃப்ரீசரை அணைத்ததால் விலைமதிப்பற்ற பொருள் ஓரளவு வீரியம் இழந்துவிட்டது, அதனால் புரதம் குறைவாக இருக்கும் வெளி அடுக்கில் நிறம் ஏறவில்லை என்று விளக்கம் சொன்னேன். ஆனால் வெளி அடுக்கு போன வருஷமும் இருட்டாகத்தானே இருந்தது? அதற்கும் வழி கண்டுபிடித்தேன். "இவர் இதை ஒவ்வொரு ஆண்டும் செய்துவருகிறார்" என்று கடைசியில் எழுதினேன். பொய்யில்லை. குப்பி வந்த சில வாரத்திலேயே முந்திய வருஷப் பூசை வந்திருந்தது. அந்த ஒரு வரிதான் அவரைத் தூக்கிற்று. ஒரு நாள் தவறு பல வருஷத் தவறாக ஆனது அந்த வரியால்.

பேராசிரியர் படித்துவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார். "உள் அடுக்கு நன்றாகத்தானே வருகிறது?" என்று கேட்டார். "மங்கலாகத்தான் வருகிறது" என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. குழுவின் முன்னால் அவருக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. நிர்வாக அதிகாரி ஒரு மலாய்க்காரர், மரியாதையாகத்தான் பேசினார். ஃப்ரீசரை அணைத்தாயா என்று கேட்டார். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி வந்திருந்தார். அணைத்தேன், ஒவ்வொரு வருஷமும் அணைப்பேன் என்று மலாயில் சொன்னார். மறைக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. மருந்து கெட்டுப்போய்விட்டது, இந்தப் பெண்ணின் படிப்பே நிற்கிறது என்று அதிகாரி விளக்கினார். அப்போதுதான் அண்ணன் என் பக்கம் திரும்பினார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"மிஸ், சத்தியமா எனக்குத் தெரியாது மிஸ். கதவத் தொறக்காட்டி ஒன்னும் ஆவாதுன்னு நெனச்சேன். மன்னிச்சிடுங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவர் துக்கம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வருஷக் கடைசியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு, பண்டமாரானில் மனைவியின் தம்பி வீட்டுப் பக்கம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். துறைமுகத்துப் பக்கம் ஏதோ கிடங்கில் ஜாகா வேலை, அதாவது காவல்காரன். எனக்கு ஆறு மாதம் நீட்டிப்பு கிடைத்தது. புதுக் குப்பிக்கும் ஏற்பாடு செய்தார் பேராசிரியர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். என் விஷயத்தில் பாவம் எந்த இடத்தில் என்று எனக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது, ஆனாலும் நன்றாகத் தூங்கினேன். ஒரு மாதம் நிம்மதியாக, வாயைத் திறந்துகொண்டு தூங்கினேன் என்று அம்மா சொன்னாள்.

புதுக் குப்பி வந்தது. புது உதவியாளர் கொண்டுவந்த புதுக் கண். யாரும் எந்த சுவிட்சையும் தொடவில்லை. இருட்டறைக்குள் போனேன். உள் அடுக்கு பளிச்சென்று பச்சை. மேலே நகர்த்தினேன்.

இருட்டு.

நுண்ணோக்கியின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. அழுகை வரவில்லை. "கடவுளே, கடவுளே" என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. அன்றைக்கே நான் எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மருந்து கெடவில்லை, அந்த மனுஷரைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று. இரண்டு மாடி ஏறினால் நிர்வாக அலுவலகம். ஏறவில்லை. சொன்னால் என் அறிக்கை பொய் என்றாகும். அறிக்கை பொய் என்றால் நீட்டிப்பும் போகும். இன்னும் சில மாதம் இருக்கிறதே, அதற்குள் ஒருவேளை வந்துவிட்டால்? மூழ்குகிறவள் இன்னொருவனின் தலைமேல் கால் வைத்து நின்றுகொண்டு கரையைப் பார்ப்பது மாதிரி இருந்தது அந்தச் சில மாதம்.

வரவில்லை. "அப்படியென்றால் உன் கைதான்" என்றார் பேராசிரியர். என் பெயரை எடுத்துவிட்டார்கள். அப்பா கொஞ்ச நாள் "லீவில நிக்கிறாள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கோயிலுக்குப் போவதையே நிறுத்திக்கொண்டு பத்துமலைக்குப் போக ஆரம்பித்தார். அங்கே கூட்டத்தில் யாரும் விசாரிக்க மாட்டார்கள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கிள்ளானில் ஒரு டியூஷன் சென்டரில் உயிரியல் சொல்லிக்கொடுக்கப் போனேன். பதினேழு வயது ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்குக் கண் படம் வரைந்து பாகங்களைக் குறிப்பேன். விழித்திரை என்று எழுதி ஓர் அம்புக்குறி. அதற்கு மேல் அவர்களுக்குத் தேவையில்லை, எனக்கும் வேண்டாம். ஆனால் புண்ணைச் சொறியாமல் இருக்க முடிகிறதா? மாதம் ஒரு சனிக்கிழமை கோலாலம்பூருக்குப் போய், நூலகத்தில் புதிதாக வந்த ஆய்விதழ்களைப் புரட்டிவிட்டு வருவேன்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் அந்தப் படத்தைப் பார்த்தேன். முதலில் என் படம் என்றே நினைத்தேன். யாரோ என் சீவலை எடுத்துக்கொண்டுபோய் அச்சடித்துவிட்டார்கள் என்று. உள் அடுக்கு பச்சை. வெளி அடுக்கு இருட்டு. பிராணி வேறு, படம் அதேதான். கீழே எழுதியிருந்ததை நின்றுகொண்டே படித்தேன். மூளையில் இருக்கும் அந்தப் புரதம் விழித்திரையின் வெளி அடுக்கில் கிடையாது. அங்கே அதன் உடன்பிறப்பு போல இன்னொரு புரதம் அந்த வேலையைச் செய்கிறது.

மற்ற நரம்பு செல்கள் கூப்பிட்டால் ஒரு தரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். விழித்திரையின் முதல் வரிசை செல் அப்படியில்லை. இருட்டு இருக்கும்வரை ஓயாமல் கொட்டிக்கொண்டே இருக்கும். வெளிச்சம் பட்டால்தான் குறைக்கும். இதை நான் முதல் வருஷமே மனப்பாடமாக ஒப்பித்தவள். வேலை வேறு மாதிரி இருந்தால் வேலையாளும் வேறாக இருக்கலாமே என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், எனக்குத் தோன்றியிருந்தால்? அந்த இருட்டுதான் விடை. முதல் நாளே என் கையில் இருந்தது. என் கை சரியாகத்தான் இருந்தது. அதை நம்புவதற்குப் பதிலாக ஒன்றரை வருஷம் கழுவிக் கழுவி ஊற்றினேன்.

நூலகத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். யாருக்காக என்று கேட்டால், எனக்காகத்தான். என் பட்டம், என் பெயர், அப்பாவின் கோயில். அண்ணனின் நினைவு வர இரண்டு நாள் ஆயிற்று. இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதியும் பிரயோசனமில்லை.

பாசாருக்குப் போய் இறைச்சிக் கடை பாயிடம் முகவரி கேட்டேன். பாய்க்கு என்னை அடையாளம் தெரிந்தது. "கண்ணு மிஸ்தானே?" என்றார். அண்ணன் பெருநாளைக்குப் பெருநாள் வந்து பார்த்துவிட்டுப் போவாராம். வழி சொன்னவர், "உங்கள எப்பவும் விசாரிப்பாரு" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிள்ளானிலிருந்து பஸ் ஏறினேன். பண்டமாரானில் பலகை வீடு, தகரக் கூரை, வாசலில் ஒரு பழைய லோரி டயரில் கத்திரிச் செடி. அவர் வேலை முடிந்து வந்து பனியனோடு உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் எழுந்து அவசரமாகச் சட்டையைத் தேடினார்.

"மிஸ்! வாங்க, வாங்க. டாக்டர் ஆயிட்டிங்களா?"

மூன்று வருஷத்துக்குப் பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி. இல்லை என்று தலையாட்டினேன். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்னாலதான்" என்றார். "தெனைக்கும் நெனப்பேன் மிஸ். மருமகன் போன வருஷம் லோரி வாங்கினான். பூசை போட்டுக் குடுங்க மாமான்னு கூப்பிட்டான். நான் போவல. என் கை பட்டு அதுக்கும் எதாச்சும் ஆயிட்டா? ஒரு பொண்ணு படிப்பக் கெடுத்த கை."

"அது கெடலண்ணே" என்றேன். "மருந்து கெடவே இல்ல. கால் மணி நேரத்துல அதுக்கு ஒன்னும் ஆகாது. அந்த இடம் இருட்டாத்தான் இருக்கணுமாம். அங்க இருக்கிறது வேற புரதம். இப்ப வெளிநாட்டுல கண்டுபிடிச்சுட்டாங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. பிறகு முகம் விரிந்தது. எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. கோபப்படுவார் என்று தயாராக வந்திருந்தேன். அவர் சந்தோஷப்பட்டார். உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏய், இங்க வா! கெடலையாம்! மருந்து கெடலையாம்! மிஸ்ஸே வந்து சொல்லுது!"

அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவுப் பக்கம் நின்றார். மெலிந்த உருவம். என்னை வா என்று சொல்லவில்லை. கணவர் சொன்னதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"கெடலன்னு ஒனக்கு எப்பத் தெரியும்?"

போன மாதம் என்று சொல்லியிருக்கலாம். ஆய்விதழ் வந்த மாதம். சொன்னால் நம்பியிருப்பார்கள். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்ய வந்தவளுக்கு அது ஒரு சுலபமான வழி. வாய்வரை வந்தது.

"அன்னைக்கே தெரியும்" என்றேன். "உங்க மேல ரிப்போர்ட் எழுதும்போதே தெரியும்."

 பக்கத்து வீட்டு ரேடியோவில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் தன் இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"சொல்லியிருக்கலாமே மிஸ். எனக்கு ஒரு காரணம் வேணும்ண்ணே, நீங்க போயிடுங்கன்னு கேட்டிருந்தா நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிருப்பேன். வேலதானே. நான் கெடுத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் பாருங்க, அதுதான்."



"அஞ்சு மணி பஸ்ஸ விட்டா அப்புறம் ஏழுக்குத்தான்" என்றார் அவர் மனைவி.

எழுந்தேன். அண்ணன் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டு என்னோடு ரோடுவரை வந்தார்.  கன்டெய்னர் லோரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. பஸ் வரும்வரை எனக்கு இரண்டு அடி தள்ளி நின்றார். வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். நான் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தபோது அவர் வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தார்.